நமது கொழுந்தின் பெயரில் எழுதப்படும் அறிக்கைகள்



பிரித்தானியாவில் தேயிலை விற்கும் பெரிய கம்பனிகள் வருடத்துக்கு ஒரு தடவை ஓர் அறிக்கை வெளியிட வேண்டும். தமது வியாபாரத்திலும், தமக்குப் பொருள் வந்து சேரும் வழியிலும் அடிமை வேலை நடக்காதிருக்க என்ன செய்தோம் என்று அதில் எழுத வேண்டும். அந்நாட்டின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைத்தனச் சட்டம் இதைக் கேட்கிறது. வருடத்துக்கு 3 கோடி 60 லட்சம் பவுண் அல்லது அதற்கு மேல் வியாபாரம் செய்யும் கம்பனிகள் இதற்குள் அடங்கும். அவுஸ்திரேலியாவும் 2018இல் இதே மாதிரியான சட்டத்தைக் கொண்டுவந்தது. அங்கே எல்லை 10 கோடி அவுஸ்திரேலிய டொலர். அந்த அறிக்கைகள் எவரும் பார்க்கக்கூடிய அரசாங்கப் பதிவேட்டில் வைக்கப்படுகின்றன.

அந்த அறிக்கைகள் பேசும் வழி நமது மலையில்தான் தொடங்குகிறது. நாம் எடுக்கும் கொழுந்து தோட்டத்துத் தொழிற்சாலைக்குப் போகிறது. தூளாகி, தரகுக் கம்பனி மூலம் கொழும்பு ஏலத்துக்கு வருகிறது. 1883இல் தொடங்கிய ஏலம் அது. ஏற்றுமதிக் கம்பனி அங்கே வாங்கி, பல தோட்டத்துத் தூளையும் கலந்து, பொதி செய்து கப்பலேற்றுகிறது. கடைசியில் அது வெளிநாட்டுக் கடையொன்றின் தட்டில் பெட்டியாக நிற்கிறது. இந்த வழி முழுவதையும் விநியோகச் சங்கிலி என்கிறார்கள். அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி நாம்.

நமது கேள்வி இதுதான். முதல் கண்ணியில் இருப்பவர்களைக் கேட்காமல், சங்கிலி சுத்தமாக இருக்கிறது என்று எப்படி எழுத முடிகிறது?

சொல்லை அளந்து பேசுவோம்

கூட்டங்களில் கோபம் வரும்போது "நாங்கள் என்ன அடிமைகளா?" என்று கேட்கிறோம். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு சொல்லைச் சட்டத்தின் முன் வைக்கும்போது அளந்து வைக்க வேண்டும். சம்பளம் குறைவு என்பதால் மட்டும் ஒரு வேலை அடிமை வேலை ஆகிவிடாது. அது அநீதி. அதற்கு எதிரான போராட்டம் வேறு வழியில் நடக்கிறது.

சர்வதேச தொழில் தாபனத்தின் 1930ஆம் ஆண்டு 29ஆம் இலக்கச் சமவாயம் கட்டாய வேலைக்கு ஒரு வரைவிலக்கணம் தருகிறது. தண்டனைப் பயத்தைக் காட்டி, ஒருவர் தானாக விரும்பி முன்வராத வேலையை அவரிடம் வாங்குவதே கட்டாய வேலை. அதை அடையாளம் காண அந்தத் தாபனம் 11 குறிகாட்டிகளை வைத்திருக்கிறது. இயலாமையைப் பயன்படுத்துதல், ஏமாற்றுதல், நடமாட்டத்தைத் தடுத்தல், தனிமைப்படுத்தல், உடல் அல்லது பாலியல் வன்முறை, மிரட்டல், அடையாளப் பத்திரங்களைப் பிடித்து வைத்தல், சம்பளத்தை நிறுத்தி வைத்தல், கடனால் கட்டிப் போடுதல், மோசமான வேலை மற்றும் வாழ்விட நிலை, அளவு மீறிய மேலதிக வேலை என்பவையே அவை. 2021ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி உலகில் 2 கோடி 76 லட்சம் பேர் கட்டாய வேலையில் இருந்தார்கள்.

நமது தோட்டங்கள் எல்லாம் அடிமைத் தோட்டங்கள் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் உண்மையிலேயே கட்டுண்டு கிடக்கும் ஒருவரின் குரல் அந்தக் கூச்சலில் அமுங்கிப்போகும். ஆனால் அந்தப் பதினொன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு நமது லயத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். எல்லாவற்றுக்கும் "இங்கே இல்லை" என்று எழுத முடிகிறதா? அதே 2021இன் கடைசியில் இலங்கைக்கு வந்த, நவீன அடிமைத்தனம் பற்றிய ஐ.நா. விசேட அறிக்கையாளர் டொமோயா ஒபொகாடா, இந்த நாட்டில் அந்தப் பிரச்சினைக்கு ஓர் இன முகம் இருக்கிறது என்றும், மலையகத் தமிழர் அதில் விசேடமாகப் பாதிக்கப்படுகிறார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

துண்டு நமக்குச் சொல்லித் தந்தது

இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1844இல். நம்முடைய முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்குக் கால்நடையாக வந்துகொண்டிருந்த காலம் அது. சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் சுதந்திரமான கூலிகள். ஆனால் ஊரை விட்டுப் புறப்படும்போதே கங்காணியின் முற்பணம் கடனாகத் தலையில் ஏறியது. வழிச்செலவும் அரிசியும் கம்பளியும் அதே கணக்கில் சேர்ந்தன. வேறு தோட்டத்துக்குப் போவதானால் துரையிடம் "துண்டு" வாங்க வேண்டும். இந்தக் கடனைக் கட்டினால் இன்னாரை விடுவிப்பேன் என்று எழுதிய சீட்டு அது. புதுத் தோட்டம் கடனைக் கட்டும், கடன் கூடவே வரும். ஆள் இடம் மாறினாலும் கட்டு அவிழாது.

1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்காக அகில இலங்கை இந்தியத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்.

இந்தக் கதையை மறுபடி சொல்வதற்குக் காரணம் உண்டு. 1844இன் சட்டம் அடிமை என்ற பெயரை எடுத்தது. அந்த வேலையைத் துண்டு என்ற காகிதம் செய்தது. பெயர் இல்லாததால் பொருளும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. எந்தக் காலத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த ஆள் நாளைக்கு வேலையை விட்டுப் போக நினைத்தால், போக விடாமல் பிடித்து வைப்பது எது?

திறந்து கிடக்கும் நான்கு கதவுகள்

முதலாவது கதவு கடன். தீபாவளி முற்பணம், கடைக் கணக்கு, வட்டிக் கடன், நுண்கடன் என்று ஒரு குடும்பத்தில் எத்தனை கணக்கு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கடன் வாங்குவது குற்றமல்ல. ஆனால் சம்பளச் சிட்டையில் கழிவுகள் என்னென்ன, ஏன் என்று வாசிக்கத் தெரியாதபோது, கொழுந்தின் நிறை இலக்கு தராததால் முழுப்பேர் அரைப்பேர் ஆகும்போது, கடன் ஒருநாளும் முடியாது. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. பல தோட்டங்களில் கிலோ இலக்கு ஏறியது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா ஆனபோதும் நமது கவலை அதேதான். வர்த்தமானியில் ஏறிய தொகை சிட்டையில் முழுசாக ஏறுகிறதா என்று பார்ப்பது யார்?

இரண்டாவது கதவு வீடு. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. லயக் காம்பிராவும் அதனுடன் போனது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் போட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்கு என்ன ஆகும் என்ற பயம் இன்னும் நமது அம்மாமாரின் வயிற்றில் இருக்கிறது. வேலையும் கூரையும் ஒரே கையில் இருக்கும்போது "விருப்பப்பட்டு வேலை செய்கிறார்" என்று எழுதுவது லேசு. 7 பேர்ச் காணியும் தனி வீடும் நாம் கேட்கும் சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். நமது பார்வையில் அது அடிமைத்தனத்தைத் தடுக்கும் ஏற்பாடு. சொந்தக் கூரை உள்ளவருக்குத்தான் "இந்த வேலை வேண்டாம்" என்று சொல்ல முடியும்.

மூன்றாவது கதவு செக்ரோலில் இல்லாத பெயர். நிரந்தரத் தொழிலாளி ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு நிரந்தர ஆள் வருவது குறைந்துகொண்டே போகிறது. கைக்காசுக்கும் கொந்தராத்துக்கும் ஆள் எடுக்கிறார்கள். மலையைப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோ கணக்கில் வாங்கும் வெளியார் உற்பத்தி முறையும் வருகிறது. அதில் சிலருக்கு இலாபம் இருக்கலாம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் செக்ரோலில் பெயர் இல்லாதவருக்கு ஊழியர் சேமலாப நிதியில் தொழில்வழங்குநரின் 12 வீதம் இல்லை, ஊழியர் நம்பிக்கை நிதியின் 3 வீதம் இல்லை, சேவைக்காலப் பணம் இல்லை, பிரசவ விடுமுறை இல்லை. பரிசோதனைக்கு வருபவர் பார்ப்பது செக்ரோலை. அங்கே பெயர் இல்லாதவர் அவர் கண்ணுக்கு மலையிலும் இல்லை. ஆனால் அவர் பறித்த கொழுந்து மட்டும் அதே சாக்கில் போகிறது.

நான்காவது கதவு வெளியே கூட்டிப் போகும் தரகர். தோட்டச் சம்பளத்தில் குடும்பம் ஓடாதபோது, அந்தக் குறையை யாரோ ஒருவர் நிரப்ப வேண்டும். அம்மா வளைகுடா நாட்டுக்குப் போகிறார். போன இடத்தில் கடவுச்சீட்டை எசமானர் வாங்கி வைத்துக்கொள்கிறார். அண்ணன் கொழும்புக் கடைக்குப் போகிறான். சில வீட்டில் பிள்ளையே போகிறது. தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் எமக்கு இது தெரியும். முதலில் திங்கட்கிழமை வராது. பிறகு கிழமைக்கு இரண்டு நாள். பிறகு வரவுப் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு நேராகச் சிவப்புக் கோடுதான். விசாரித்தால் "சித்தி வீட்டுக்குப் போயிருக்கு, சேர்" என்பார்கள். 2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயதுப் பிள்ளை, கொழும்பில் வேலைக்கு நின்ற வீட்டில் தீக்காயப்பட்டு ஆஸ்பத்திரியில் இறந்ததை நாடே அறியும். வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது அந்த வருடம்தான் 14இலிருந்து 16 ஆனது. தேயிலைக் கம்பனியின் அறிக்கையில் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வரியும் கிடையாது. ஏனென்றால் அவர்கள் கொழுந்து எடுக்கவில்லை. ஆனால் கொழுந்தின் விலையில் விழுந்த துண்டை அடைக்கத்தான் அவர்கள் போனார்கள்.

சான்றிதழ் பார்க்காதது

கம்பனிகளின் அறிக்கைகளில் "பரிசோதனை செய்தோம், சான்றிதழ் உண்டு" என்ற வரி தவறாமல் வரும். பரிசோதனை நாளை நாம் அறியாதவர்களா? பல தோட்டங்களில் ஒரு கிழமைக்கு முன்பே செய்தி வந்துவிடும். மலசலகூடத்துக்கு வெள்ளையடிப்பார்கள். மருந்தடிப்பவருக்குக் கையுறையும் பூட்ஸும் கிடைக்கும். பிள்ளைக் காம்பிராவில் புதுத் துணி விரிப்பார்கள். யார் பேச வேண்டும் என்பதும் முதல் நாளே முடிவாகிவிடும். வருபவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பவர் தோட்டத்து உத்தியோகத்தர். அவர் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பெண், கங்காணி என்ன சொன்னார் என்று வாய் திறப்பாள்?

இது நமது நாட்டில் மட்டும் உள்ள குறையல்ல. 2023 பெப்ரவரியில் பிபிசி வெளியிட்ட விசாரணையில், கென்யாவின் தேயிலைத் தோட்டங்களில் மேற்பார்வையாளர்களின் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக 70க்கும் மேற்பட்ட பெண்கள் சொன்னார்கள். நடத்தைக் கோவையும் முறைப்பாட்டு ஏற்பாடும் வைத்திருந்த பெரிய கம்பனிகளின் தோட்டங்கள் அவை. அந்த உண்மையை வெளியே கொண்டுவந்தது பரிசோதனை அல்ல. வேலை கேட்பவளைப் போல உள்ளே போன ஒரு செய்தியாளரும், அவரை நம்பிப் பேசிய பெண்களும்தான்.

ஒரு நாள் வந்து போகும் ஆளால் பிடிக்க முடியாததை, 365 நாளும் அங்கேயே இருப்பவரால் பிடிக்க முடியும். தோட்டத்தில் அடிமை வேலை நுழையாமல் காவல் காக்கக்கூடியது சுவரில் மாட்டிய சான்றிதழ் அல்ல, பயமில்லாமல் இயங்கும் தோட்டக் கமிட்டி. இந்த இதழில் நாம் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான்.

வெளிநாட்டுச் சட்டம் எதுவரை?

இந்தச் சட்டங்களைப் பற்றி நாம் பெரிய கனவு காண வேண்டியதில்லை. பிரித்தானியச் சட்டத்தின்படி "இந்த வருடம் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை" என்று எழுதினாலும் அது ஓர் அறிக்கைதான். ஜேர்மனியில் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விநியோகச் சங்கிலிச் சட்டம் அதைவிடப் பலமானது. பொருள் தரும் நாட்டுத் தொழிலாளரும் முறைப்பாடு செய்யக்கூடிய வழியைக் கம்பனி திறந்து வைக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய ஒழுங்குவிதி, கட்டாய வேலையால் உண்டான பொருளைத் தனது சந்தையில் விற்பதைத் தடுக்கிறது. அது 2027 டிசம்பர் 14 முதல் நடைமுறைக்கு வரும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. குற்றச்சாட்டு வந்தவுடன் வெளிநாட்டுக் கம்பனி அந்தத் தோட்டத்துத் தேயிலையை வாங்குவதை நிறுத்திவிட்டு, தன் கை சுத்தம் என்று எழுதிவிடலாம். தண்டனை அனுபவிப்பது வேலை இழக்கும் நாம். அதனால் வாங்குபவரிடம் நாம் கேட்பது "ஓடாதே, நின்று திருத்து" என்பதே. நிலுவையைக் கொடுக்க வை, வேலை நீக்கப்பட்டவரைத் திரும்பச் சேர்க்க வை, அதற்கான செலவைத் தாங்கும் விலையைக் கொடு. நியாயமான சம்பளத்துக்கு இடமில்லாத விலையில் வாங்கிக்கொண்டு, அடிமைத்தனத்துக்கு எதிராக அறிக்கை விடுவதில் அர்த்தமில்லை.

நமது நாட்டுச் சட்டமும் கையில் இருக்கிறது. கடனால் கட்டி வைப்பதும் கட்டாய வேலை வாங்குவதும் தண்டனைச் சட்டக்கோவையின் 358அ பிரிவின்படி குற்றம். அந்தப் பிரிவு 2006இல் சேர்க்கப்பட்டது. தொழிற்சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலை நீக்குவது, 1999ஆம் ஆண்டு 56ஆம் இலக்கச் சட்டத்தின்படி நியாயமற்ற தொழில் நடைமுறை. சட்டம் இல்லாதது நமது குறையல்ல. சட்டத்தின் கதவைத் தட்டும்போது கையில் கணக்கும் ஆதாரமும் இல்லாததுதான் குறை.

நாம் கேட்பவை

கம்பனிகளிடமும், நமது தேயிலையை வாங்குவோரிடமும் நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை:

1. ஒவ்வொரு தொழிலாளிக்கும் தமிழில் சம்பளச் சிட்டை வேண்டும். வேலை நாள், கிலோ, ஒவ்வொரு கழிவின் காரணம், மீதிக் கடன் என்பவை அதில் தனித்தனியாக இருக்க வேண்டும்.

2. கைக்காசுக்கும் கொந்தராத்துக்கும் வேலை செய்பவர் உட்பட, மலையில் இறங்கும் எல்லோருடைய பெயரும் பதிவில் வர வேண்டும்.

3. எந்தத் தோட்டத்துத் தேயிலையை வாங்குகிறோம் என்ற பட்டியலை வாங்கும் கம்பனிகள் வெளியிட வேண்டும். அவற்றிடம் முறைப்பாடு செய்யும் வழி தமிழில் பெரட்டுக் களத்தில் ஒட்டப்பட வேண்டும்.

4. பரிசோதனைக்கு வருபவர் தொழிலாளரைத் தோட்டத்துக்கு வெளியே, உத்தியோகத்தர் இல்லாமல், தமிழ் தெரிந்தவர் மூலம் சந்திக்க வேண்டும். பெண்களைப் பெண்களே சந்திக்க வேண்டும். பரிசோதனை அறிக்கையின் பிரதி சங்கத்துக்கும் வர வேண்டும்.

5. வீட்டையும் வேலையையும் பிரிக்க வேண்டும். வேலை போனாலும் குடியிருப்பு உரிமை போகாது என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

தோட்டக் கமிட்டிகள் செய்ய வேண்டியவை

கேட்டுவிட்டுக் காத்திருப்பது சங்க வேலையல்ல. தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் இந்த மாதமே சில காரியங்களைத் தொடங்கலாம்.

ஒவ்வொரு கமிட்டியும் 80 பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். சம்பளம் கொடுத்த மறுநாள் பத்து வீட்டுச் சிட்டையையாவது வாசித்து, விளங்காத கழிவுகளை அதில் எழுதுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு ஓ.எல். படித்த பிள்ளை வாசித்துக் காட்டட்டும். நான்கு மாதம் தொடர்ந்து எழுதிய கொப்பி தொழில் திணைக்களத்தில் வாய்ப்பேச்சைவிடப் பலமாகப் பேசும்.

செக்ரோலில் இல்லாமல் வேலை செய்பவர்களின் பெயர், வேலை செய்த நாள், நிறுத்த கிலோ என்பவற்றையும் குறியுங்கள். அவர்கள் சந்தா கட்டாதவர்கள் என்று ஒதுக்காதீர்கள். இன்று அவர்களுக்கு இல்லாத உரிமை நாளை நமது பிள்ளைக்கும் இருக்காது.

அடையாள அட்டையோ வங்கி அட்டையோ கடவுச்சீட்டோ இன்னொருவர் கையில் பிணையாக இருந்தால் மாவட்டக் காரியாலயத்துக்கு அறிவியுங்கள். வேலைக்கு ஆள் சேர்க்க வரும் தரகரின் பெயரையும், எந்த ஊருக்கு, என்ன வேலைக்கு, எவ்வளவு சம்பளத்துக்கு என்று அவர் சொன்னதையும் எழுதி வையுங்கள். பிள்ளை ஒன்று இரண்டு கிழமை பாடசாலைக்கு வராவிட்டால் அதிபருடன் பேசுங்கள். சந்தேகம் இருந்தால் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம்.

பேசியவரை யாராவது மிரட்டினால், வேறு மலைக்கு மாற்றினால், பேர் வெட்டினால், அன்றே கமிட்டி கூட வேண்டும். ஒருத்தியைத் தனியே நிற்க விட்டால் அடுத்தவள் பேச மாட்டாள். மிரட்டலும் தனிமைப்படுத்தலும் அந்தப் பதினொரு குறிகாட்டிகளில் உள்ளவை என்பதை மறக்க வேண்டாம்.

இந்தக் கொப்பிகளில் சேரும் விபரங்களைத் தொகுத்து, பெயர்களை மறைத்து, நமது தேயிலையை வாங்கும் கம்பனிகளுக்கும் தொழில் ஆணையாளருக்கும் அனுப்பும் வேலையைச் சங்கம் பொறுப்பெடுக்கும். அடுத்த வருட அறிக்கையை எழுத அந்தக் கம்பனிகள் உட்காரும்போது, தொழிலாளர் எழுதிய கணக்கும் அவர்களின் மேசையில் இருக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகும் "எமது சங்கிலியில் பிரச்சினை இல்லை" என்று அவர்கள் எழுதினால், அதற்குப் பதில் சொல்லும் ஆதாரம் நமது கையில் இருக்கும்.

கொப்பிகளை வரும் மாத முடிவுக்குள் தொடங்கி, முதல் பக்கத்தில் தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் எழுதி, கமிட்டிக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள்.